காரத்தின் மேல் பழி, எண்ணெயின் மேல் கணக்கில்லை: செட்டிநாட்டு அடுப்படியும் இதய நோயும்

ஐம்பதைத் தொட்டும் தொடாத ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார் என்றால், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் துட்டி வீட்டிலேயே காரணம் தேடத் தொடங்கிவிடுவார்கள். "காரசாரமாச் சாப்பிட்ட உடம்பு, கறி இல்லாம இலையில உட்கார மாட்டாரு" என்பார் ஒருவர். "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்தானே வீட்டுல வாங்குனோம், அப்புறம் எப்படி?" என்று கலங்குவார் இன்னொருவர். இரண்டுமே பாதிதான் சரி. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது ஏறத்தாழ 53, உலகின் பிற பகுதிகளில் ஏறத்தாழ 59 என்று 2007-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆறு ஆண்டு முன்கூட்டியே வரும் நோயைத் தள்ளிப்போட, செட்டிநாட்டுச் சமையலில் எது இதயத்தைத் தொடுகிறது, எது தொடுவதில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

குழாய்க்குள் நடப்பது என்ன?

1. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அதனால் புரத உறை போட்ட சிறு துகள்களாகத்தான் இரத்தத்தில் பயணம் செய்கிறது. அந்தத் துகள்களில் எல்.டி.எல். என்ற வகைதான் இரத்தக் குழாயின் உள்சுவருக்குள் நுழைந்து தங்கக்கூடியது.

2. உயர் இரத்த அழுத்தம், புகையிலை, கட்டுப்படாத சர்க்கரை ஆகிய மூன்றும் அந்தச் சுவரைச் சேதப்படுத்துகின்றன. சேதமான இடத்தில் எல்.டி.எல். எளிதாகச் சேரும்.

3. சேர்ந்ததை அகற்ற வரும் வெள்ளை அணுக்கள் அதை விழுங்கி, அங்கேயே தேங்கிவிடுகின்றன. இதுவே கொழுப்புத் திட்டு. இது இருபது வயதிலேயே தொடங்கிவிடலாம். வலி, அறிகுறி எதுவும் இருக்காது.

4. ஒரு நாள் திட்டின் மேல்மூடி கிழிகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகி, சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. மாரடைப்பு என்பது இதுதான்.

நான்காவது கட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழிகிற திட்டு பல நேரம் குழாயில் பாதியைக்கூட அடைத்திருக்காது. அதனால்தான் "போன வாரம் மாடி ஏறி இறங்கினாரே, ஒரு மூச்சு வாங்கலையே" என்ற நிலையிலும் மாரடைப்பு வருகிறது. அடைப்பைத் தேடுவதை விட, திட்டு வளர விடாமல் பார்த்துக்கொள்வது முக்கியமாவது இதனால்தான்.

எல்.டி.எல்.-ஐ இரத்தத்திலிருந்து இழுத்து அகற்றும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. அதற்கான ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. நெய், தேங்காய், ஆட்டுக்கறி போன்றவற்றில் உள்ள பூரிதக் கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) மிகுந்தால் இந்த ஏற்பிகளின் வேலை குறைகிறது; எல்.டி.எல். இரத்தத்திலேயே சுற்றுகிறது. உணவுக்கும் இதயத்துக்கும் உள்ள நேரடித் தொடர்பு இங்கேதான்.

பரிசோதனைச் சீட்டை எப்படிப் படிப்பது?

பெரும்பாலோர் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து, அது 200-க்குக் கீழே (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) இருந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரு சீட்டில் மொத்தம் 190, எச்.டி.எல். ('நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படுவது) 32, டிரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 210 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால் 158 வரும். குழாய்ச் சுவரில் சேரக்கூடிய எல்லா வகையும் சேர்ந்த அளவு இது. இதய நோயோ சர்க்கரை நோயோ இல்லாதவருக்கே இது 130-க்குள் இருக்க வேண்டும். மொத்தம் 'இயல்பு'; ஆனால் ஆள் ஆபத்தில். அரிசியும் இனிப்பும் கூடி, நடை குறைந்த நம் ஊர் உடம்புகளில் அடிக்கடி காணும் நிலை இது.

எல்.டி.எல். பொதுவாக 100-க்குக் கீழும், சர்க்கரை நோய் போன்ற ஆபத்து மிகுந்தவர்களுக்கு 70-க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வகுத்தது. எல்.டி.எல். போன்ற இன்னொரு துகளான லிப்போபுரதம் (ஏ)-வை அளக்கும் பரிசோதனையை வாழ்நாளில் ஒரு முறை செய்துகொள்வது நல்லது. அது பிறவியிலேயே அமைவது, உணவால் குறையாது. கூடுதலாக இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் கண்டிப்பு தேவை என்று பொருள்.

காரம் குற்றவாளி இல்லை

மிளகாயோ மிளகோ குழாயை அடைப்பதில்லை. பட்டை, சோம்பு, அன்னாசிப்பூ, கல்பாசி, மராட்டி மொக்கு எதிலும் இதயத்துக்குக் கேடு இல்லை. இரைப்பை எரிச்சல் உள்ளவருக்குக் காரம் தொல்லை தரும், அது வேறு கணக்கு. காரத்தோடு கூட வருவனவற்றில்தான் சிக்கல்: காரத்துக்கு ஈடாக உப்பு, உப்புக்கு ஈடாகப் புளி, மூன்றையும் தாங்க எண்ணெயும் தேங்காயும், எல்லாவற்றையும் பிசைந்து இறக்க இன்னொரு பிடி சோறு. மருத்துவர் "காரத்தைக் குறைங்க" என்று சொன்னதாக நினைத்து மிளகாயை மட்டும் குறைத்துவிட்டு, மற்றதை அப்படியே விடும் வீடுகள் ஏராளம். உடம்பில் எதுவும் மாறாது.

அடுப்படிக்கு ஒரு ஐந்தொகை

பர்மா, மலேயா வரை வணிகம் செய்த செட்டிநாட்டு நகரத்தார் ஐந்தொகை (வரவு, செலவு, இருப்பைக் காட்டும் கணக்கு) போட்டுப் பார்க்காமல் லாபம், நட்டம் பேச மாட்டார்கள். சமையலறைக்கும் அதே முறை பொருந்தும். "நான் கொஞ்சமாத்தான் ஊத்துறேன்" என்ற பேச்சு கணக்கில் ஏறாது. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை கிலோ உப்பு, எத்தனை கிலோ சர்க்கரை வாங்கினீர்கள், எத்தனை பேர் சாப்பிட்டீர்கள் என்று வகுத்தாலே உண்மை வந்துவிடும். உடலுழைப்பு குறைந்த, வயது வந்த ஒருவருக்கான அளவு இது:

1. எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளுக்கு 25 கிராம் அளவு. மாதத்துக்கு 750 கிராம். அதாவது 800 மில்லிக்குச் சற்றுக் கூட. நால்வர் உள்ள வீட்டுக்குச் சுமார் மூன்றே கால் லிட்டர்.

2. உப்பு, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புப்படி நாளுக்கு 5 கிராமுக்குள். நால்வருக்கு நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும்.

3. சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் சேர்த்து நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. மாதத்துக்கு முக்கால் கிலோ.

வீட்டில் வேலை செய்பவர் சாப்பிடுவது, விருந்தாளி வந்தது எல்லாவற்றையும் தலைக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைப் பரோட்டா, மிக்சர், பேக்கரி பிஸ்கட் இந்தக் கணக்கில் வராது என்பதால், வீட்டுக் கணக்கு வரம்புக்குக் கொஞ்சம் கீழேயே நிற்க வேண்டும்.

எண்ணெய்: எது, எவ்வளவு, எப்படி

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எண்ணெய்ப் பொட்டலத்தில் அச்சடிப்பதில் தகவலே இல்லை. கொலஸ்ட்ரால் விலங்குணவில்தான் உண்டு; எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவில் இருக்காது. பார்க்க வேண்டியது பூரிதக் கொழுப்பின் அளவை. நல்லெண்ணெயில் 15 விழுக்காடு அளவு, கடலை எண்ணெயில் 20-க்குள், சூரியகாந்தியில் 10-ஐ ஒட்டி. ரேஷனில் தரும் பாமாயிலில் 40-க்கு மேல், நெய்யில் 60-க்கு மேல், தேங்காய் எண்ணெயில் 90-ஐ ஒட்டி. தினச் சமையலுக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் போதும். நம் ஊருக்கு அவை புதிதும் அல்ல. பாமாயில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற வீட்டில் மொத்த அளவைக் குறைப்பதே வழி.

மரச்செக்கில் ஆட்டியது என்பதால் கொழுப்பின் வகை மாறாது. மணமும் சில நுண்சத்துகளும் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். செக்கு எண்ணெய் என்று சொல்லி இட்லிப் பொடியில் குழி பறித்து ஊற்றும் மூன்று கரண்டியும் அதே கணக்கில்தான் ஏறும்.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு படி பச்சரிசியின் தலையில் கோபுரமாக உளுந்து வைத்து ஊறப்போட்டு, வெண்ணெயாக அரைத்து, ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்றிச் சுடும் பலகாரம். அடுத்த முறை சுடும்போது எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். சுட்டு முடித்து ஆறிய பின் மறுபடி அளந்து பாருங்கள். அரை லிட்டர் ஊற்றி, 20 பணியாரம் சுட்டு, 380 மில்லி மிஞ்சினால், ஒரு பணியாரத்துக்கு 6 மில்லி உள்ளே போயிருக்கிறது. நாலு சாப்பிட்டவருக்கு அன்றைய எண்ணெய்க் கணக்கு காலையிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. எண்ணெய் அதிகம் குடிப்பதற்குக் காரணங்கள் இரண்டு: சூடு பத்தாமல் ஊற்றுவது, மாவு நீர்த்திருப்பது. ஒரு சொட்டு மாவு விட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும், அதுதான் பதம். புகை வரும் அளவு காய்ந்தால் அதுவும் கேடு.

சுட்டு மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, இரண்டொரு நாளுக்குள் தாளிக்கவும் வதக்கவும் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வைக்காதீர்கள். பழையதோடு புதியதைச் சேர்ப்பது பெரும் தவறு. சிதைந்த பொருள்கள் புது எண்ணெயையும் விரைவாகக் கெடுக்கும். நிறம் கறுத்து, நுரை கட்டி, பிசுபிசுத்து, குறைந்த சூட்டிலேயே புகைந்தால் அது முடிந்துபோன எண்ணெய். பொரிக்கும் எண்ணெயில் இப்படிச் சிதைந்த பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. தெருவோர பஜ்ஜிக் கடையில் அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

கறிக்குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே வந்தால்தான் பதம் என்று ஆச்சிமார் சொல்வது சரியே. அதற்கு ஆரம்பத்தில் கரண்டி கரண்டியாக ஊற்றத் தேவையில்லை. சின்ன வெங்காயத்தைக் கொஞ்ச எண்ணெயில் சிறு தீயில் மூடி போட்டு வதக்கி, அடி பிடிக்கும்போது ஒரு கை தண்ணீர் தெளித்தால் அது தானாகக் கரையும். பின்னால் அரைத்து விடும் தேங்காயும் கறியும் தம் கொழுப்பைத் தாமே விடும். நம்பிக்கை வராதவர்கள், மிஞ்சிய ஆட்டுக்கறிக் குழம்பை இரவு குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் திறந்து பாருங்கள். மேலே வெள்ளை ஏடாக உறைந்து நிற்பது பெரும்பாலும் பூரிதக் கொழுப்பு.  அந்த ஏட்டைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டுச் சூடாக்கினால், ருசியில் பெரிய குறை தெரியாது.

தேங்காய் பற்றித் தனியாக

100 கிராம் தேங்காய்த் துருவலில் சுமார் 30 கிராம் பூரிதக் கொழுப்பு இருக்கிறது. ஒரு மூடியில் 120 கிராம் துருவல் கிடைத்தால் 36 கிராம். நால்வர் பங்கிட்டால் ஆளுக்கு 9 கிராம். ஒரு நாளைய வரம்பு சுமார் 22 கிராம். இதய நோயாளிக்கு 15-க்குள். காலையில் தேங்காய்ச் சட்னி, மதியம் தேங்காய் அரைத்த குழம்பு, கூட்டில் ஒரு பிடி என்றால் வரம்பு தாண்டிவிடும். தேங்காய் எண்ணெயைப் பிற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது எல்.டி.எல். சராசரியாக டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவு கூடியது.

தேங்காயை அடியோடு விடச் சொல்லவில்லை. ஒரு நாளில் ஒரே பண்டத்தில் தேங்காய் என்று வைத்துக்கொள்ளலாம். குழம்புக்குப் பாதித் தேங்காயை எடுத்துவிட்டு, பொட்டுக்கடலையோ வேகவைத்த துவரம்பருப்போ அரைத்து விட்டால் கெட்டித்தன்மை நிற்கும். சட்னியைத் தக்காளி, வெங்காயம், மல்லி என்று மாற்றி மாற்றிச் செய்யலாம்.

உப்பு

இரத்த அழுத்தம் ஏறுவதற்கு ஒரு முக்கியமான வேர் இங்கே. குழம்பில் போடும் உப்பு மட்டும் இல்லை. அப்பளம், வற்றல், மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு, உப்புக்கண்டம் எல்லாமே உப்பில் காய்ந்தவை. குறைக்கும் வழி:

1. புளியை முதலில் குறையுங்கள். புளிப்பு கூடினால் கை தானாக உப்பைத் தேடும். நெல்லிக்காய் அளவு புளியில் செய்த குழம்புக்கு உப்பும் குறைவாகவே பிடிக்கும்.

2. உப்பைக் கொதியின் கடைசியில், அளவுக் கரண்டியால், ஒரே தடவை போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு குறைத்து வாருங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். திடீரென்று பாதியாக்கினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். மூன்றாம் நாள் பழைய அளவே திரும்பிவிடும்.

3. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இரண்டு முறை கொட்டுங்கள். உப்புக்கண்டத்துக்கும் இதே முறைதான்.

4. இலை ஓரத்தில் உப்பு வைக்கும் பழக்கத்தையும், மோரில் போடும் உப்பையும் நிறுத்துங்கள்.

இந்துப்பு, கல்லுப்பு எல்லாம் எடைக்கு எடை ஏறத்தாழ அதே சோடியம்தான். பொட்டாசியம் கலந்த 'சோடியம் குறைந்த உப்பு' சிலருக்கு உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிலவகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

சோறும் இனிப்பும்

பருப்பு நெய்க்கு ஒரு முறை, குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு, மோருக்கு என்று நாலு தடவை சோறு விழும் இலையில் அளவு தெரிவதில்லை. மொத்தச் சோற்றையும் முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதையே நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மறுசோறு கேட்கத் தோன்றினால் பொரியலைக் கேளுங்கள்.

கவுனி அரிசி இதயத்துக்கு நல்லது என்று இப்போது பரவலாகப் பேசுகிறார்கள். அதன் கறுப்புத் தவிட்டில் நார்ச்சத்தும் நிறமிச் சத்தும் உள்ளது உண்மை. ஆனால் விருந்தில் வருவது சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்த்த கவுனி. அந்தக் கலவை தவிட்டின் நன்மையை அழித்துவிடுகிறது. இரவே ஊறவைத்து வேகவைத்து, வெள்ளைச் சோற்றுக்குப் பதிலாகக் குழம்போடு சாப்பிட்டால்தான் அந்தப் பேச்சுக்குப் பொருள். ஆடிக் கும்மாயத்துக்கும் இதே கதை. உளுந்தும் பாசிப்பருப்பும் நல்லவை, வெல்லமும் நெய்யும்தான் அளவைத் தாண்டுகின்றன. ஆடியில் ஒரு நாள் உருண்டை சாப்பிடுவதால் யாருக்கும் மாரடைப்பு வராது. கல்யாணப் பலகாரம் பெட்டி பெட்டியாக வந்து, வீட்டில் மாதம் முழுக்கத் தேநீரோடு தீர்வதில்தான் கேடு.

கூட்ட வேண்டியவை

செட்டிநாட்டில் இதயத்துக்கு ஏற்ற பண்டம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் மண்டியைச் சொல்லலாம். அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் வதக்கி, வெண்டைக்காயோ மொச்சையோ கத்தரிக்காயோ போட்டுச் செய்வது. தேங்காய் இல்லை, கழுநீரே கெட்டி தருகிறது. வெண்டைக்காயின் வழுவழுப்பும் மொச்சையும் தரும் கரையும் நார்ச்சத்து, குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். அதை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்கும். நாளுக்கு 5 முதல் 10 கிராம் கரையும் நார்ச்சத்து எல்.டி.எல்.-ஐச் சுமார் 5 விழுக்காடு குறைக்கும். எண்ணெயையும் புளியையும் மட்டும் அளவோடு போட வேண்டும்.

காய், கீரை, பழம் சேர்த்து நாளுக்கு 400 கிராம். உருளைக்கிழங்கு, சேனை, கருணை இதில் சேராது. தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை ஏதாவது தினம் ஒரு கிண்ணம். உப்பில்லாமல் வேகவைத்த அல்லது வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம். தொண்டிக் கடற்கரையிலிருந்து வரும் சாளை, அயிலை போன்ற கொழுப்புள்ள மலிவு மீன்கள் வாரம் இரண்டு நாள். குழம்பாக வைக்க வேண்டும், எண்ணெயில் முறுகப் பொரித்தால் மீனின் நன்மை குறைந்துவிடும். ஆட்டுக்கறியைக் கொழுப்பு நீக்கி வாரம் ஒரு நாள், ஆளுக்கு 100 கிராம் அளவில் நிறுத்துங்கள். கோழிக்குத் தோல் வேண்டாம். மூளை, குடல் வறுவலை எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுக்கு வெளியே

வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடை. வெயில் கொளுத்தும் மாதங்களில் விடியற்காலை அல்லது பொழுது சாய்ந்த பின். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு உள்ளவர்களுக்கு முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடப்பதே போதும். சாப்பிட்டதும் 10 நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

புகைபிடிப்பதை விட்டு ஓராண்டில் மாரடைப்பு ஆபத்தின் கூடுதல் பாதியாகக் குறைகிறது. எந்த உணவு மாற்றமும் இதற்கு ஈடாகாது. வெற்றிலையோடு போடும் புகையிலையும் புகையிலைதான். 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவு, மெல்லும் புகையிலையும் மாரடைப்பைக் கூட்டுவதைக் காட்டியது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

உணவால் ஆகாதது

கவனமான உணவு எல்.டி.எல்.-ஐப் பெரும்பாலும் 10 முதல் 15 விழுக்காடு குறைக்கும். 190-க்கு மேல் இருப்பவருக்கு அது போதாது. பிறவிக் காரணம் இருக்கலாம், பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். சீட்டில் எண் இயல்பாகிவிட்டது என்று கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்துபவர்கள் பலர். எண் இறங்கியதே மாத்திரையால்தான். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இது பொருந்தும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கி வைத்துவிட்டு விழுங்காமல் விட வேண்டாம்.

விருந்துக்குப் பின் நெஞ்சு வலித்தால்

காரத்தின் மேல் பழி போடும் பழக்கம் உயிரையே பறிக்கும் இடம் இது. விருந்து முடிந்த இரவில் வரும் நெஞ்சு வலியை "வாயு" என்று சொல்லி, ஓமத் தண்ணீர், சோடா, இஞ்சிச் சாறு என்று இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. இதயத் தசை அந்த நேரத்தில்தான் செத்துக்கொண்டிருக்கும்.

1. நடு நெஞ்சில் கல்லை வைத்தது போன்ற அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை: இவற்றில் எது வந்தாலும் வாயு என்று நினைக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும், மேல்வயிற்று வலியும், இனம் புரியாத அசதியும் மட்டுமே வரலாம்.

2. உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். தானே வண்டி ஓட்டிப் போக விடக் கூடாது.

3. ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். தொலைவு அதிகம் என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் கொடுக்க வேண்டிய முதல் கட்ட மாத்திரைகள் அங்கே உண்டு.

4. வலி தொடங்கிய மணியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். சாப்பிட்டுவரும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். உறைந்த கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா, நேராக அடைப்பைத் திறக்கும் குழாய்ச் சிகிச்சைக்கு (ஆஞ்சியோபிளாஸ்டி) அனுப்பலாமா என்று மருத்துவர் முடிவெடுப்பது அந்த மணியை வைத்துத்தான்.